குழந்தை வயிற்றில் எலியின் நாடாப்புழு: தாராவியிலிருந்து ஒரு தாயின் கேள்வி

கேள்வி: டாக்டர் அக்காவுக்கு வணக்கம். நாங்கள் தாராவியில் லேபர் கேம்ப் பக்கம் இருக்கிறோம். ஒரே ரூம்தான். வீட்டிலேயே முறுக்கும் இட்லிப்பொடியும் போட்டு விற்கிறேன். ஐந்து வயது மகனுக்கு ரொம்ப நாளாக வயிற்றுவலி, பசியில்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். ஆகஸ்ட்டில் பால்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் மெடிக்கலில் வாங்கி நானும் ஒரு தடவை கொடுத்தேன், கேட்கவில்லை. மலம் டெஸ்ட் எடுத்ததில் 'ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா முட்டை' என்று வந்திருக்கிறது. இது எலியோட நாடாப்புழு என்று லேபில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கள் சந்தில் பெருச்சாளி ஓடும், ராத்திரி வீட்டுக்குள் சுண்டெலி வரும். வீட்டை நான் சுத்தமாக வைக்கவில்லை என்கிறார் மாமியார். போன பொங்கலுக்கு ஊரில் அவர்கள் சுட்டுக் கொடுத்த வயல் எலிக்கறியால்தான் வந்தது என்கிறேன் நான். மூன்று வயது மகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? எலிப்புழு மூளைக்குப் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா? என் முறுக்கு வாங்குகிறவர்களுக்கு ஏதாவது ஆகுமா? எலி மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், வைக்கலாமா? (பெயர் வேண்டாம், தாராவி, மும்பை)

பதில்: வணக்கம் தங்கச்சி. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த எலி மருந்தை வைக்காதீர்கள். தரையில் படுத்துத் தூங்குகிற இரண்டு சின்னக் குழந்தைகள், அதே தரையில் உட்கார்ந்து மாவு பிசைகிற அம்மா, இந்த ஒற்றை அறையில் எலி மருந்து வைக்கப் பத்திரமான மூலை என்று ஒன்று கிடையாது. என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. டியூபில் வரும் பேஸ்ட் என்றால் அதில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கலாம், அது கொஞ்சம் வாய்க்குள் போனாலே ஈரலைக் கெடுத்துவிடும், கொடுமை என்னவென்றால் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுக் குழந்தை தெளிந்த மாதிரி விளையாடும், நாமும் சரியாகிவிட்டது என்று நினைப்போம், அடுத்த சில நாட்களில்தான் மஞ்சள் காமாலை தொடங்கும், அதை முறிக்கத் தனி மருந்து என்று எதுவும் இல்லை. உங்கள் மகன் வயிற்றில் இருக்கிற புழு அவன் உயிருக்கு உலை வைக்காது. அந்த பேஸ்ட் வைக்கும். பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். பிரித்திருந்தால் இரண்டு மூன்று பையில் இறுக்கிக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, குப்பை வண்டி வரும்போது விஷம் என்று சொல்லி நேராக அவர்கள் கையில் கொடுங்கள். எப்போதாவது பிள்ளைகள் அதைத் தொட்டு வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல், அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, இப்போது புழுவுக்கு வருவோம்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது எலியின் சிறுகுடலில் வாழ்கிற ஒரு நாடாப்புழு. 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரும், கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் அது குடலை விட்டு எங்கேயும் போகாது. லேசான வயிற்றுவலி, பசியின்மை, சில சமயம் பேதி, இவ்வளவுதான் பெரும்பாலும் செய்யும், பல பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது. அதன் முட்டை எலிப் புழுக்கையோடு வெளியே வருகிறது. இங்கேதான் உங்கள் மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த முட்டையை உங்கள் மகன் நேராக விழுங்கினால்கூட அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த முட்டை மனிதக் குடலில் புழுவாக வளராது. போரிவலியிலிருந்து முலுண்டுக்கு ரயிலில் போகிறவர் தாதரில் இறங்கி வண்டி மாறித்தான் ஆக வேண்டும் இல்லையா, அப்படி இந்த முட்டையும் நடுவில் ஒரு பூச்சியின் உடம்பில் இறங்கியே ஆக வேண்டும். மாவிலும் தானியத்திலும் இருக்கிற சின்ன வண்டுகள், எலித் தெள்ளுப்பூச்சியின் குஞ்சுகள், இவை அந்தப் புழுக்கையைத் தின்னும்போது முட்டை உள்ளே போய்ப் பொரிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த கட்டத்துக்குத் தயாராகிவிடும். அந்த வண்டை எலி தின்றால் எலிக்குப் புழு, குழந்தை தின்றால் குழந்தைக்குப் புழு.

அதாவது உங்கள் மகன் என்றைக்கோ ஒரு வண்டை விழுங்கியிருக்கிறான். முழு வண்டாகக்கூட இருக்க வேண்டியதில்லை, மாவோடு மாவாக நசுங்கிப்போன ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஆகவே உங்கள் டப்பாக்களைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும். முறுக்கு, பொடி போடுகிற வீட்டில் பச்சரிசி மாவு, பொட்டுக்கடலை, உளுந்து எல்லாம் மூட்டையிலும் டப்பாவிலும் எப்போதும் இருக்கும். சமைத்த எதிலும் கவலை இல்லை. கொதித்த, வெந்த, பொரித்த, வறுத்த பண்டத்தில் வண்டு இருந்தாலும் அதற்குள் இருக்கிற குஞ்சுப்புழு செத்துவிடும். நம் வீடுகளில் சமைக்காமலே வாய்க்குப் போகிற சாமான் எது என்று யோசித்துப் பாருங்கள். பொட்டுக்கடலை. அம்மா வேலையாக இருக்கும்போது பிள்ளை அழுதால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும்தானே கொடுக்கிறோம். அப்புறம் ஊறவைத்து அப்படியே சாப்பிடுகிற அவல், உலர்திராட்சை, பேரீச்சை. பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுகிற பழக்கம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது! பிசைந்த பச்சை மாவைக் கிள்ளி வாயில் போடுகிற பிள்ளைகள் இன்னும் அதிகம். அரிசியோ மண்ணோ சுண்ணாம்போ தின்கிற பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது தனி விஷயம், ஆனால் உங்கள் மகனுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் ஒரு முறை பார்த்துவிடட்டும்.

இந்த வண்டு எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடி யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ பொட்டுக்கடலை உங்கள் கைக்கு வருவதற்கு முன் எத்தனை கோடவுன், எத்தனை லாரி, எத்தனை கடை தாண்டி வருகிறது! தானியம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் புழுக்கை இருக்கும், வண்டு அதையும் தின்னும். முட்டையைத் தின்ற வண்டு மூட்டையோடு வந்திருக்கலாம், சக்கியில், அதாவது மாவு மில்லில், அரைக்கும்போது மாவில் சேர்ந்திருக்கலாம், உங்கள் வீட்டுச் சுண்டெலியின் புழுக்கையைத் தின்று இங்கேயே தயாராகியிருக்கலாம். எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் முழுக்கத் துடைத்துக் கழுவுகிற வீட்டிலும் இது வரும். மாமியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அதே நியாயத்தை நீங்கள் அவருக்கும் செய்ய வேண்டும். வயல் எலிக்கறியால் இது வரவில்லை. இந்த நாடாப்புழு எலியின் குடலில் இருப்பது, கறியில் இருப்பதில்லை, நன்றாகச் சுட்டுச் சாப்பிட்ட கறியால் இது வரவே வராது. தலைமுறை தலைமுறையாக நம் ஊர்ப்பக்கம் வயல் எலி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. கவனம் வேண்டியது உரிக்கும்போதுதான். கையில் வெட்டு, புண் இருக்கிறவர் உரிக்கக் கூடாது, குடலையும் ஈரலையும் தனியாக எடுத்து ஆழமாகப் புதைத்துவிட வேண்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கறி உள்வரை வேக வேண்டும். ஈரலை ஏன் சொல்கிறேன் என்றால், எலி ஈரலில் கேப்பிலேரியா ஹெபாட்டிக்கா என்று வேறொரு புழு இருக்கும். அது அங்கேயே முட்டையிட்டு அங்கேயே அடைந்து கிடக்கும், மலத்தில் வராது. எலி செத்து அழுகின பிறகோ, எலியைத் தின்ற பூனை, நாயின் மலம் வழியாகவோ முட்டைகள் மண்ணுக்கு வந்து, மண்ணில் சில வாரம் முற்றின பிறகுதான் நோயைத் தரும். மண் தின்கிற சின்னக் குழந்தைகளுக்கு மிக அபூர்வமாக இது வந்து ஈரல் வீங்கிக் கடுமையாகக் காய்ச்சல் அடிக்கும், இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. எலி ஈரலைச் சாப்பிட்ட ஒருவரின் மலத்தில் இந்த முட்டைகள் இரண்டொரு நாள் தெரியும், வந்த வழியே போய்விடும், அது நோய் இல்லை, அதைப் பார்த்து யாரும் மருந்து சாப்பிட வேண்டியதில்லை. செத்த எலியைச் சந்திலும் சாக்கடையிலும் வீசக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மருந்து. பால்வாடியில் கொடுத்தது அல்பெண்டசோல். வருஷத்தில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று குடற்புழு நீக்க நாள் வைத்து, 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 2015லிருந்து கொடுத்து வருகிறார்கள். மிக நல்ல திட்டம், தவறாமல் கொடுங்கள். ஆனால் அது மண்ணிலிருந்து வருகிற உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு இவற்றுக்கானது. எலியின் நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. மெடிக்கலில் போய் 'பூச்சி மாத்திரை' என்று கேட்டால் அவர்கள் கையில் வருவதும் அநேகமாக அதே அல்பெண்டசோல்தான், அதனால்தான் நீங்கள் இரண்டாவது தடவை கொடுத்தும் பலனில்லை. இதற்கு வேண்டியது பிராசிகுவான்டல். உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை. குழந்தை மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, எடை பார்த்து, அவர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு வாங்குங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடுங்கசப்பு மாத்திரை, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், நாக்கில் தங்கவிடாமல் சட்டென்று விழுங்க வைக்க வேண்டும். மகனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருந்துக்கு முன்னாடியே அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி இருக்கிறவர்களுக்கு இந்த மருந்தால் வலிப்பு கிளம்பலாம்.

மருந்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த லேபிலேயே இன்னொரு முறை மலம் கொடுத்து, முட்டை டிமினூட்டாதானா, 'நானா' என்கிற இன்னொரு நாடாப்புழுவுடையதா என்று உறுதிசெய்து தரச் சொல்லுங்கள். வருஷக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன், ஹைமெனோலெபிஸ் நானா என்கிற குட்டை நாடாப்புழுதான் மனிதரிடம் மிக அதிகமாகக் காணப்படுகிற நாடாப்புழு, டிமினூட்டா அதற்கு முன்னால் அபூர்வம். டிமினூட்டா முட்டை பெரியது, மஞ்சள் கலந்த பழுப்பு. நானாவின் முட்டை ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும், உள்ளே இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய நூல்கள் தெரியும். அவசரமாகப் பார்த்தால் மாறிப்போக வாய்ப்பு உண்டு. மாதிரி புதிதாக இருக்க வேண்டும், காலையில் எடுத்ததைச் சாயங்காலம் கொண்டுபோகக் கூடாது. மூன்று வேறு வேறு நாள் மாதிரி கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. டிமினூட்டா என்றால் அண்ணனிடமிருந்து தங்கைக்கு ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் ஒட்டாது, வண்டு இல்லாமல் அது நகராது. ஆனால் அதே டப்பாவிலிருந்து அவளும் பொட்டுக்கடலை தின்றிருப்பாள் என்பதால் அவளுக்கும் ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். நானா என்றால் கதை வேறு. அதற்குப் பூச்சி தேவையில்லை, ஒருவர் மலத்தில் வருகிற முட்டை கை வழியாக அடுத்தவர் வாய்க்கு நேராகப் போகும், ஒரே குழந்தையின் குடலுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகும். அப்படியானால் வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டு ஒன்றாக மருந்து எடுக்க வேண்டியிருக்கும், டாக்டர் சில நாள் கழித்து இரண்டாவது வேளையும் சொல்லலாம், நகம் வெட்டுவதும் கக்கூஸ் போய்வந்து சோப்பால் கை கழுவுவதும் அங்கேதான் உயிர்நாடி.

பல் கடிப்பதை வைத்துப் பூச்சி என்று முடிவு செய்யாதீர்கள். புழுவே இல்லாத பிள்ளைகளும் தூக்கத்தில் நறநறவென்று கடிக்கும்.

மூளைக்குப் போகிற புழு. நீங்கள் பார்த்த வீடியோ எது என்று தெரியாது, ஆனால் இரண்டு வேறு புழுக்களை ஒன்றாகக் குழப்பி நிறையப் பேர் பேசுகிறார்கள். மூளையில் கட்டியாகத் தங்குவது பன்றி நாடாப்புழு. அந்தப் புழுவை வயிற்றில் வைத்திருக்கிற மனிதரின் மலத்திலிருந்து அது வருகிறது, எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலியிலிருந்து மூளைக்கு வருவது வேறு ஒன்று, ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கன்டோனென்சிஸ், எலியின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் வாழ்கிற நூல் போன்ற புழு. சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டெடுத்து 1935இல் விவரித்தார்கள். நம்ம மும்பை எலிகளிலும் இது இருப்பதாக 1982லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது. ஆக, பயம் முழுக்கக் கற்பனை இல்லை, வழியைத் தெரிந்துகொண்டால் போதும். எலிப் புழுக்கையில் வருகிற இதன் குஞ்சுப்புழுவை நத்தையும் ஓடில்லாத நத்தையும் தின்னும். நத்தைக்குள் வளர்ந்த குஞ்சுப்புழு, அந்த நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்கிற மனிதருக்குள் போய், தன் வழக்கப்படி மூளைப்பக்கம் பயணப்பட்டு, எலியில் போல நுரையீரல் வரை வந்து வாழ முடியாமல் அங்கேயே செத்து வீக்கத்தை உண்டாக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், தோலில் தொட்டாலே எரிச்சல். இதை மலப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது, முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் பிழைத்துத் தேறிவிடுகிறார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. 2010இல் ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் நண்பர்கள் உசுப்பேற்றியதில் ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கி, உடம்பு முடங்கி, 2018இல் இறந்துபோனார். கேரளத்திலும் கர்நாடகத்திலும் பதிவான நோயாளிகளில் பலம் வரும் என்று நம்பி உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். உடும்பு நத்தையைத் தின்னும், அவ்வளவுதான் விஷயம். ஊரில் மூலத்துக்கும் இருமலுக்கும் நத்தை கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைத்துச் சாப்பிட்டால் இந்தப் பயம் இல்லை, பச்சையாக உறிஞ்சக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு இதில் பொருந்துவது கீரையும் கொத்தமல்லியும்தான். ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்த கீரையை மும்பையில் எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறோம். பாலக், தண்டுக்கீரை எல்லாம் வேகவைப்பதால் பிரச்சினை இல்லை. பச்சையாக அரைக்கிற கொத்தமல்லிச் சட்னி, புதினாச் சட்னி, மேலே தூவுகிற தழை, இவற்றில்தான் பட்டாணி அளவு குட்டி நத்தை இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் கட்டைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இலை இலையாகப் பார்த்துக் கழுவுங்கள். தண்ணீர் வருகிற நேரம் கொஞ்சம்தான் என்றால் பெரிய பாத்திரத்தில் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். மழைக்குச் சுவரேறி வருகிற பெரிய ஆப்பிரிக்க நத்தையைப் பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடினால் திட்டாமல் கையைக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, கரப்பான் வழியாக வருகிற மோனிலிபார்மிஸ் என்கிற எலிப்புழு. 1888இல் இத்தாலியில் கலாந்த்ருச்சியோ என்ற ஆராய்ச்சியாளர் தன் வயிற்றிலேயே சோதித்துப் பார்க்க அதன் குஞ்சுகளை விழுங்கி, வயிற்றுவலியில் துடித்ததை எழுதிவைத்திருக்கிறார். தவழ்கிற குழந்தை செத்த கரப்பானை எடுத்து வாயில் போட்டால் வரலாம், மிக அபூர்வம். தரையைக் கூட்டி வைத்தால் போதும், இதற்குமேல் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் முறுக்கு வாங்குகிறவர்களுக்கு ஆபத்தில்லை. கொதிக்கிற எண்ணெயில் எந்தக் குஞ்சுப்புழுவும் பிழைக்காது. டிமினூட்டா என்றால் மகன் வயிற்றுப் புழு உங்கள் கை வழியாக முறுக்குக்குப் போவதும் இல்லை. இட்லிப்பொடிக்கு மட்டும் கவனம், பருப்பை வறுத்தாலும் அரைத்த பிறகு நாம் மறுபடி சூடாக்குவதில்லை, திறந்து கிடந்தால் வண்டு புகும். வறுத்தது ஆறினதும் அன்றே அரைத்து அன்றே இறுக்கமாக அடைத்துவிடுங்கள், அரைப்பதற்கு முன் மிக்சி ஜாடியின் பிளேடுக்கடியில் பழைய பொடி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையை மூட்டையாகவே வைக்காதீர்கள், சாக்கையும் பிளாஸ்டிக்கையும் எலி கடித்துவிடும், எவர்சில்வர் டிரம்தான் நிற்கும். ஒரேயடியாக நிறைய வாங்கி அடுக்காமல், கைக்காசு அனுமதிக்கிற அளவில் அடிக்கடி வாங்குங்கள். பழைய மாவுமேல் புது மாவைக் கொட்டக் கூடாது, டப்பாவைக் காலி செய்து கழுவி நன்றாகக் காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும். வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவது நல்ல பழக்கம், அதை நம்பிச் சலிக்காமல் விடாதீர்கள். ரவையை வறுத்துவைக்கிற நம் வழக்கத்தைப் பொட்டுக்கடலைக்கும் அவலுக்கும் நீட்டுங்கள், வாங்கின அன்றே வாணலியில் நன்றாகச் சூடேறும்வரை புரட்டி, ஆறவைத்து, மூடி இறுகுகிற டப்பாவில் போடுங்கள், குழந்தைக்கு அதிலிருந்து மட்டும் கொடுங்கள். வண்டு பிடித்த பொட்டுக்கடலையைப் பொறுக்கிவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற பாசம் வேண்டாம்.

எலியைக் குறைக்கத்தான் வேண்டும், மருந்தில்லாமல் குறைக்கலாம். பொறி வாங்கி, சுவரை ஒட்டி, குழந்தை கை போகாத இடத்தில், ராத்திரி மட்டும் வையுங்கள், மசால்வடையோ சுட்ட தேங்காய்ச் சில்லோ போதும். ராத்திரி ஊறவைத்த அரிசி, உளுந்தைக் கனமான மூடி போட்டு வையுங்கள். குழாய் வருகிற ஓட்டை, கதவடி இடுக்கு இவற்றைச் சிமெண்டும் கண்ணாடித் தூளும் கலந்து அடைக்கச் சொல்லுங்கள். சந்தில் இருக்கிற பெருச்சாளி வளைகள் தனி ஆளால் தீராது, நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சியின் 1916க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள், தாராவி ஜி நார்த் வார்டில் வருகிறது, அங்கே பூச்சி, எலி ஒழிப்புக்கென்றே பிரிவு இருக்கிறது, தாதரில் இருக்கிற வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, துணியால் துடைத்து எடுங்கள். செத்த எலியைக் கையில் பை மாட்டி எடுத்து, இரண்டு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். எலியால் மும்பையில் மழைக்காலத்தில் உயிரையே எடுக்கிறது புழு அல்ல, எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ், அது எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி. காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருத்துவமனையில் காட்டித் தடுப்பு மாத்திரை கேளுங்கள், காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள்.

மருந்து கொடுத்த பிறகு மலத்தில் புழு தெரிகிறதா என்று தினமும் தேட வேண்டாம், பெரும்பாலும் சிதைந்துதான் வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை செய்யுங்கள், அதில் முட்டை இல்லை என்றால் புழு போய்விட்டது. முட்டை இல்லாமலும் வயிற்றுவலி தொடர்ந்தால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும், குழந்தை மருத்துவரிடம் திரும்பப் போங்கள். லேப் மறுபடி பார்த்து நானா என்று மாற்றிச் சொன்னால் எனக்கு எழுதுங்கள், வீட்டில் எல்லோருடைய வயதையும் எடையையும் சேர்த்து எழுதினால் உங்கள் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.